கோழிக் கொட்டகைக்கு வெளிச்சம் வைக்கும் முன்: ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருஷம் ஆவணியில் 60 நாட்டுக்கோழிகளோடு கொட்டகையை ஆரம்பித்தேன். ஐப்பசி பிறப்பதற்குள் 11 கோழிகளுக்கு வால் அடியில் இறகு இல்லை. மூன்றை மற்றவை கொத்தியே கொன்றுவிட்டன. உப்புப் பற்றவில்லை என்றார் ஒருவர். புரதம் பற்றவில்லை, கருவாட்டுத் தூள் போடு என்றார் இன்னொருவர். இரண்டையும் செய்தேன். தீவனச் செலவுதான் ஏறியது.

காரணம் தற்செயலாக அகப்பட்டது. சித்தப்பா மகன் சேவல் சிறகடிப்பதைப் போனில் ஸ்லோ மோஷனில் பிடித்துக் காட்டினான். சேவலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. போன் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். வெளியே வெயிலில் எடுத்தால் பட்டை இல்லை. உள்ளே வந்து எடுத்தால் பட்டை. கொட்டகை பல்பு வினாடிக்குப் பலமுறை அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது; எங்கள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. வெளிச்சம் கூடுதலாக இருக்கிறதே, குறைப்போம் என்று அந்த எல்.இ.டி. பல்புக்கு மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டி வைத்திருந்த புத்திசாலி நான்தான்.

அது ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள் இருந்தன, கூட்டமும் கொஞ்சம் அதிகம். எல்லாவற்றையும் சரி செய்து ஒரு மாதத்தில் கொத்து நின்றது. தொண்டியில் இருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் புதிதாகக் கொட்டகை போடப் போகிறவர்கள் நான் கட்டிய தண்டத்தைக் கட்ட வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். தீவனம், சந்தை விலை எல்லாம் வேறு பலர் சொல்வார்கள். இது கோழியின் கண்ணைப் பற்றி மட்டும்.

1. முதலில் கோழிக்கு என்ன தெரிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு காசு வேண்டாம், கால் மணி நேரம் போதும். ஆனால் இதைத் தாண்டிப் போனால் பின்னால் சொல்லும் எதுவும் விளங்காது.

நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. கோழிக்கு நான்கு. சிவப்பு, பச்சை, நீலம் போக ஊதாவுக்கும் ஒன்று உண்டு. அதைக் கொண்டு நமக்குத் தெரியாத புற ஊதாவின் ஒரு பகுதியையும் பார்க்கிறது. நமக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு கோழிகளின் இறகு அதற்கு ஒன்றுபோல் தெரியும் என்று சொல்ல முடியாது.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் சுமார் 300 டிகிரி பார்க்கிறது. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பது அலகுக்கு முன்னால் 20, 30 டிகிரி அகலத்துக்குத்தான். தானியத்தைக் கொத்த அந்தத் துண்டு. வானத்தில் பருந்தா காக்கையா என்று பார்க்கத் தலையைச் சாய்த்து ஒரே கண். நீங்கள் புதிதாக ஒரு வாளியைக் கொண்டுபோய் வையுங்கள். முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பழைய பச்சை வாளி உடைந்து நான் நீல வாளி வாங்கி வந்த அன்று, அரை மணி நேரம் ஒன்றுகூடத் தண்ணீர் குடிக்க வரவில்லை.

கூர்மை என்று பார்த்தால் நம்மைவிட மிகவும் குறைவு. தூரத்தில் இருப்பதன் நுணுக்கம் அதற்குத் தெரியாது. அசைவு மட்டும் தப்பாது.

இருட்டில் கோழி பாவம். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள் அதன் கண்ணில் குறைவு. "பொழுது சாஞ்சா கோழிக்குக் கண்ணு தெரியாதுப்பா, அதுக்கு முன்னாடியே பஞ்சாரத்தக் கவுத்துரு" என்று அப்பத்தா சொல்வது வெறும் பழக்கம் இல்லை.

அப்புறம் துடிப்பு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்று; ஒரு சுற்றுக்கு இரண்டு மினுக்கு. பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுங்கும். நமக்கு 50, 60-ஐத் தாண்டினால் நிலையான வெளிச்சம். கோழிக்கு, நல்ல வெளிச்சத்தில், 80, 90 வரைக்கும் துடிப்பு தெரியும்; சில கோழிகளுக்கு 100-ஐ ஒட்டியும். ஆகவே நல்ல நிலையில் உள்ள டியூப்லைட்டே எல்லையில்தான் நிற்கிறது. முனை கறுத்துப் போன கிழட்டு டியூப் 50 முறை துடிக்கும். அது கோழிக்குக் கண்டிப்பாகத் தெரியும். நாள் முழுக்க மினுக் மினுக் என்று எரியும் அறையில் உங்களை அடைத்து வைத்தால் பக்கத்தில் இருப்பவனை நீங்களும் கொத்துவீர்கள்.

2. காகிதங்களும் மின் இணைப்பும்

பல்புக்கு எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

வீட்டு மீட்டரில் இருந்து கொட்டகைக்கு வயர் இழுக்கும் முன் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில், இத்தனை கோழி, விற்பனைக்கு, எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்று கேளுங்கள். வாய்ச்சொல்லோடு திரும்பாமல் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த இணைப்பில் தொழில் நடந்தால் பின்னால் வித்தியாசத் தொகை கட்ட வேண்டி வரும். தனி இணைப்புக்கு நில ஆவணம், ஆதார், வரி ரசீது ஆகியவற்றின் நகல் கேட்பார்கள். நிலம் கூட்டுப்பட்டாவில் இருந்தால் மற்றப் பங்குதாரரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்; துபாயில் இருக்கும் பெரியப்பா மகனின் கையெழுத்துக்காகப் பல வாரம் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

அரசு மானியத்தில் போடுவதாக இருந்தால், அண்மை ஆண்டுகளில் வந்த நாட்டுக்கோழிப் பண்ணைத் திட்டம் 250 கோழி அளவிலானது. கொட்டகை, உபகரணம், தீவனச் செலவில் பாதி மானியம். சொந்தமாக 625 சதுர அடி நிலம், சிட்டா அடங்கல் நகல், ஆதார், வங்கிப் புத்தக நகல், மூன்று ஆண்டு பண்ணையை நடத்துவேன் என்ற உறுதிமொழி இவையெல்லாம் கேட்டார்கள். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தக மருத்துவரைப் பார்த்து அந்த ஆண்டு அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கைக்கு வரும் தேதியை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, குஞ்சு வாங்கிய பில், தடுப்பூசித் தேதி, பல்பு மாட்டிய தேதி, முட்டை எண்ணிக்கை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். எனக்குக் கொத்து எந்த வாரம் தொடங்கியது, ரெகுலேட்டர் எந்த வாரம் மாட்டினேன் என்று ஒத்துப் பார்க்க முடிந்தது அந்த நோட்டால்தான்.

3. கொட்டகையின் திசை, கூரை, வாசல்

கொட்டகையின் நீளவாட்டு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது நீளம் குறைந்த சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். காலை, மாலைச் சாய்வெயில் உள்ளே பாயாது. கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உள்ளே குறைவாக வரும். நாட்டுக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வைத்துக் கணக்குப் போடுங்கள். உருவம் சிறிய சிறுவிடை இனம் என்றாலும் குறைக்க வேண்டாம்.

கூரைக்கு இங்கே பனையோலை, தென்னங்கீற்று, தகரம் மூன்றும் போடுகிறார்கள். ஓலைதான் என் தேர்வு. தகரம் உப்புக்காற்றில் இரண்டு மூன்று வருஷத்தில் பொத்தல் விழும். பொத்தல் வழியாக மழை வருவது எல்லாருக்கும் தெரியும், வெயில் வருவதை யாரும் கவனிப்பதில்லை. மங்கலான கொட்டகைக்குள் நாணயம் அளவு வெயில் ஒரு கோழியின் முதுகில் விழுந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். மற்றது வந்து அதில் ஒரு கொத்து கொத்திப் பார்க்கும். ஒரு துளி ரத்தம் வந்துவிட்டால் முடிந்தது கதை. கோழிக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், விடாது. ஒரு நாள் நண்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையைப் பாருங்கள். எத்தனை வெயில் பொட்டு இருக்கிறதோ அத்தனை ஓட்டையையும் அடையுங்கள்.

வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒன்றிரண்டு ஒளிபுகும் பாலிகார்பனேட் தகடு வைக்கச் சொல்வார்கள். வைக்கலாம். ஆனால் அது புற ஊதாவை வடிகட்டிவிடும். பல்பிலும் அது கிடையாது. அதனால் கோழிக்கு அதன் நான்காவது நிறம் கிடைக்க வேண்டும் என்றால் தினம் சில மணி நேரமாவது வெளியே விடுவதைத் தவிர வழியில்லை.

வெளியே விடுவதிலும் ஒரு சிக்கல். கதவைத் திறந்து வைத்தால் பாதிக் கோழிகள் வாசலில் நின்று வெளியே பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பிப் போகும். சோம்பேறிக் கோழி என்று திட்டாதீர்கள். நம் வெள்ளை மணலில் சித்திரை வெயில் எதிரொளிப்பதை நீங்களே இருட்டறையில் இருந்து வந்து பாருங்கள், கண் கூசும். மேலே வேறு திறந்த வானம், அதில் செம்பருந்து. வாசலுக்கு வெளியே பத்தடிக்கு ஓலைப் பந்தல் போட்டேன். அதன் ஓரத்தில் முருங்கைக் கொம்புகளும் அகத்தியும். அப்புறம்தான் கோழிகள் நிழலில் இருந்து நிழலுக்குப் போய் மேய ஆரம்பித்தன. மேய்கிற இடத்துக்கு மேலே பழைய மீன் வலையைக் கட்டுவது நம் ஊரில் சுலபம், மீனவர் வீடுகளில் சும்மாவே கிடைக்கும். ஆனால் இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். தொங்கும் வலை காற்றில் ஆடினால் கீழே நிழல் ஓடும். கோழிக்கு அது பருந்து நிழல்தான். தார்ப்பாய் கட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

4. பல்பு வாங்குவது

கடைக்குப் போகும்போது ஸ்லோ மோஷன் வசதி உள்ள போன் ஒன்றைக் கொண்டுபோங்கள். பல்பை எரியவிட்டு, அது அடிக்கும் வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். பட்டைகள் ஓடினால், வெளிச்சம் அலை அலையாக ஏறி இறங்கினால் வேண்டாம். நான் ஆறு வகை பல்புகளைச் சோதித்தேன், மூன்று தேறின. விலை அதிகம் என்பதற்காக எல்லா பல்பும் தேறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே ஆர்வமாகி மேலே இருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கினார்.

மஞ்சள் சாயல் உள்ள பல்பு வாங்குங்கள். அதில் சிவப்புப் பங்கு கூடுதல். கோழியின் மண்டையோடு மெல்லியது. வெளிச்சம் அதைத் தாண்டி மூளைக்குள் இறங்குகிறது, சிவப்பு இன்னும் நன்றாக இறங்கும். முட்டையிடும் சுரப்பிகளைத் தட்டி எழுப்புவது அந்த வெளிச்சம். பார்வையே இல்லாத கோழிகூட வெளிச்ச நேரத்தை உணர்ந்து முட்டையிடும்.

வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்றால் வாட் குறைந்த பல்பு மாட்டுங்கள், அல்லது உயரத்தை மாற்றுங்கள். ரெகுலேட்டர் மாட்டாதீர்கள். சாதாரண எல்.இ.டி. அதற்கென்று செய்யப்பட்டதில்லை. ஒரே ஒரு பெரிய பல்பை நடுவில் தொங்கவிடுவதும் தவறு. அடியில் பளிச், மூலையில் கும்மிருட்டு என்றாகி, இருட்டு மூலையில் தரையிலேயே முட்டையிடும். சின்ன பல்பு நான்கைப் பரப்பி வையுங்கள்.

எவ்வளவு வெளிச்சம்? வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்பார்கள்; அதை அளக்கும் இலவசச் செயலி போனில் உண்டு. அதைக் கோழியின் தலை உயரத்தில் பிடித்து அளக்க வேண்டும், உங்கள் நெஞ்சு உயரத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கறிக்கோழிகளுக்குப் போட்ட விதியில், வெளிச்ச நேரத்தில் கொட்டகையின் 80 சதவீத இடத்திலாவது 20 லக்ஸ் இருக்க வேண்டும் என்கிறது. நான் அதைத்தான் கீழ்வரம்பாக வைத்துக்கொண்டேன். லக்ஸ் என்பதே மனிதக் கண்ணை வைத்துச் செய்த அளவு. கோழிக்கு அதே பல்பு இன்னும் கூடுதலாகவே தெரியும். ஆகவே 20 காட்டும் இடத்தில் 200-க்கு ஆசைப்பட வேண்டாம்.

நம் கரைக்கே உரிய வில்லன் ஒன்று உண்டு. உப்புக்காற்றில் பித்தளை ஹோல்டர் பச்சை பூத்துவிடும், இரும்பு ஹோல்டர் துருப்பிடித்துவிடும். முனைகள் சரியாகத் தொடாமல், நல்ல பல்பும் துடிக்க ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் உடல் ஹோல்டர் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை கட்டாயம். மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சையும் மறக்காமல் போடுங்கள், அது கோழிக்காக இல்லை, உங்களுக்காக.

என் கணக்கு, 60 கோழிக்கு: பல்பு நான்கு 560 ரூபாய், நேரம் வைக்கும் டைமர் சுவிட்ச் 750, ஹோல்டர், பைப், வயர் 1,100, எலக்ட்ரீசியன் கூலி 900, சார்ஜ் ஏறும் சின்ன விளக்கு 450, சுண்ணாம்பு 80. மொத்தம் 3,840. கசிவு சுவிட்ச் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. இதற்கு முன் தவறான பொருள்களில் விட்டது இதில் பாதிக்கு மேல்.

5. எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும்

நம் பக்கம் பகல் நீளம் பெரிதாக மாறாது. ஜூனில் சுமார் 12 மணி 40 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 35 நிமிடம். முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இருந்தால் நல்லது. வளரும் விடைக்கோழிகளுக்கு இந்தக் கூடுதல் வெளிச்சம் தேவையில்லை. கொடுத்தால் உடம்பு தேறுவதற்கு முன்பே முட்டைக்கு வந்துவிடும். முட்டையிடத் தொடங்கும் வயது வந்ததும் வாரத்துக்கு அரை மணி நேரம் என்று கூட்டுங்கள்.

கூட்டுவதை விடியற்காலையில் கூட்டுங்கள். இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், நானும்தான். மாலையில் ஒன்பது மணி வரை பல்பு எரியவிட்டு டக்கென்று அணைத்தேன். தீனித் தட்டருகே நின்ற கோழி நின்ற இடத்திலேயே குருடாகிவிட்டது. கழிக்கு ஏற வழி தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்தன. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். பயந்துபோய் ஓடும் ஐம்பது கோழி மிதித்தால், குஞ்சு என்ன, கோழியே சாகும், மூச்சு முட்டி. இப்போது டைமரைக் காலை 4 மணிக்கு எரியும்படி வைத்திருக்கிறேன். விடிந்து நன்றாக வெளுத்ததும் தானே அணையும். மாலையை இயற்கையிடம் விட்டுவிட்டேன். பொழுது மங்க மங்கத் தானாக ஏறி அடைகின்றன.

இரவு முழுக்க விளக்கு எரிந்தால் பாம்பு, மரநாய் வராது என்று வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஓய்வே இல்லாத வெளிச்சத்தில் வளரும் கோழிக்குக் கண் விழி பெருத்து, முன்பக்கம் தட்டையாகிப் பார்வை கெடும். மேலே சொன்ன ஐரோப்பிய விதியும் நாளில் 6 மணி நேர இருட்டு, அதில் 4 மணி நேரமாவது இடைவிடாமல் என்கிறது. மரநாய்க்கு வலைக்கம்பியும் நல்ல தாழ்ப்பாளும்தான் மருந்து.

மின்வெட்டு? விடிகாலையில் பல்பு எரியும்போது மின்சாரம் போனால் அதே குவியல்தான். சார்ஜ் விளக்கு ஒன்றை மின்சாரம் போனதும் தானே எரியும்படி மாட்டி வையுங்கள். மங்கலாக இருந்தால் போதும்.

6. குஞ்சுகளின் முதல் மாதம்

குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைகாப்பான் பல்பு குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கினால் குளிர். விலகிச் சுவரோரம் போனால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் சரி. தெர்மாமீட்டரைவிட நான் இதைத்தான் நம்புகிறேன்.

முதல் மூன்று நாள் நல்ல வெளிச்சம் வேண்டும், தீனியும் தண்ணீரும் எங்கே என்று கண் பழக வேண்டுமே. முதல் இரவில் இருந்தே ஒரு மணி நேரம் இருட்டுப் பழக்குங்கள். இல்லாவிட்டால் முதல் மின்வெட்டு அன்று நெரிசலில் நாலைந்து போகும்.

சிவப்பு பல்பைப் பற்றிக் கேட்பீர்கள். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தனியாகத் தெரியாது, அதனால் கொத்து குறையும். உண்மைதான். ஆனால் காயம் உங்களுக்கும் தெரியாது. தினம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க உங்களுக்குப் பொறுமை இருந்தால் மாட்டுங்கள்.

7-ஆம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்து. கண்ணில் ஒரு சொட்டு. இதில் அவசரப்பட்டால் மருந்து வெளியே வழிந்து காசும் தடுப்பும் இரண்டும் போச்சு. குஞ்சை உள்ளங்கையில் படுக்க வைத்து, தலையை விரலால் லேசாகப் பிடித்து, ஒரு கண் மேலே பார்க்கும்படி சாய்த்து ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு கண்மேல் குமிழாக நிற்கும். குஞ்சு கண்ணைச் சிமிட்டும், குமிழ் உள்ளே இறங்கும். இறங்கிய பிறகு விடுங்கள். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டு வந்து, கலந்ததும் வெயில் படாமல் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். விடிகாலை வேளைதான் வசதி. அதே நோய்க்கு 4-ஆம் வாரம் லசோட்டா என்ற மருந்து, 8-ஆம் வாரம் ஊசி. தேதியை மருத்துவரிடம் உறுதி செய்து நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துவதுண்டு.

இங்கே ஒரு சின்ன விஷயம், அவசியம் இல்லை, எனக்குப் பிடித்தது. முட்டைக்குள் கடைசி நாட்களில் குஞ்சின் வலக்கண் ஓட்டுப் பக்கம் பார்த்திருக்கும், இடக்கண் உடம்போடு புதைந்திருக்கும். தாய்க்கோழி எழுந்து தீனிக்குப் போகும் நேரத்தில் ஓட்டின் வழியே வலக்கண்ணுக்கு வெளிச்சம் படும். அப்படிப் பட்ட குஞ்சு, பொரித்த பிறகு கல்லையும் தானியத்தையும் வலக்கண்ணால் பிரிக்கும், இடக்கண்ணால் பருந்தைக் கவனிக்கும். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில். கருவி வைத்துப் பொரிக்கிறவர்கள் கடைசி மூன்று நாள் கொஞ்சம் வெளிச்சம் காட்டலாம்.

7. அடையும் கழி

கருவேலங்கழியை வெட்டி அப்படியே கட்டியிருந்தேன். கறுப்புக் கழி, பின்னால் கரி படிந்த சுவர், மாலை மங்கல். கோழி குதிக்கும், கழியைத் தவறவிட்டு நெஞ்சு அடிபட விழும். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் முக்கால் மணி உட்கார்ந்து எண்ணினேன்: 9 கோழிகள் தவறின. நெஞ்செலும்பு உடைந்தால் வெளியே தெரியாது, முட்டை மட்டும் குறையும். கழிகளுக்குச் சுண்ணாம்பு பூசினேன். முதல் கழியை ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்கி, அடுத்ததைப் படிபோலப் பக்கத்தில் வைத்தேன். மறுவாரம் எண்ணியபோது ஒன்றுதான் தவறியது, அதுவும் சேவல் விரட்டியதால். 80 ரூபாய்ச் சுண்ணாம்பு.

8. கண்ணில் எரிச்சல், கண்ணில் நோய்

வாரத்துக்கு ஒருமுறை, காலையில் கதவைத் திறந்ததும், உள்ளே குந்தி உட்காருங்கள். தலை கோழியின் உயரத்துக்கு வர வேண்டும். ஒரு நிமிடம். கண் கரித்தால், மூக்கில் ஏறினால், கோழி இரவெல்லாம் அதில்தான் இருந்தது. நின்றால் தெரியாது. எச்சம் ஈரத்தோடு சேர்ந்து எழும் அம்மோனியா அது. கோழியின் கண்ணைப் புண்ணாக்கும். கண்ணை மூடியே நிற்கும், சிறகில் தேய்க்கும். ஆழ்கூளத்தை, அதாவது தரையில் பரப்பிய உமிப் படுகையை, கிளறிவிடுங்கள், நனைந்ததை அள்ளிவிட்டுப் புது உமியோ தென்னைநார்க் கழிவோ போடுங்கள். கிடைக்கிறதே என்று கடற்கரை மணலைக் கொட்டாதீர்கள், உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை வாரம் இருமுறை இந்தச் சோதனை.

கண்ணில் நுரை, ஒரு பக்கம் முகம் வீக்கம், இமையில் கொப்புளப் பொருக்கு, விழி சாம்பல் பூத்தல், இவற்றில் எது தெரிந்தாலும் அந்தக் கோழியைத் தனியே வைத்து மருந்தகத்துக்குப் போங்கள். பொருக்கு என்றால் பெரும்பாலும் அம்மை, கொசு பரப்புவது. தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். வீட்டில் கிடக்கும் மனிதக் கண் சொட்டை விடாதீர்கள். இமை ஒட்டிக்கொள்வது வைட்டமின் ஏ குறைவாலும் வரும். முருங்கைக் கீரையை நறுக்கித் தினம் போட்டால் அந்தக் கவலை குறையும். கொட்டகை போடும் முன்பே பயிற்சி வேண்டும் என்றால் ராமநாதபுரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

9. கோழியைப் பிடிப்பது

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும் பிராணியைப் பின்னால் இருந்து ஏமாற்ற முடியாது, ஓடவிட்டு இறகுதான் மிஞ்சும். சந்தைக்கோ தடுப்பூசி முகாமுக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் முந்தின இரவே, எல்லாம் அடைந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். போன் விளக்கை உள்ளங்கையால் பொத்தி, விரலிடுக்கில் கசியும் வெளிச்சத்தில் நடங்கள். எப்போதும் உடுத்தும் கைலியே போதும், புதுச் சட்டை வேண்டாம். இரண்டு கையாலும் சிறகுகளை உடம்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கி, மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். பஞ்சாரத்துக்குள் வைத்து மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினால் விடியும் வரை சத்தமே வராது. பஞ்சாரம் ஒன்றுக்கு ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள், காலையில் சாக்கை எடுக்கும்போது ஒரு ஓரமாக, மெதுவாக எடுங்கள்.